குளிர்ப்பெட்டிக்காரர்

அவர் இதைப் படிக்க நேர்ந்தால் முதலில் எழுத்தைப் பார்க்கமாட்டார். தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடந்தால், "மிஸ், இந்தப் பக்கத்திலயும் எழுதலாமே" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம் அண்ணை" என்பேன். மூன்று வருடமாக எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சில் பாதி இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

எங்கள் வளாகம் கிளிநொச்சியிலிருந்து முரசுமோட்டைக்குப் போகிற பக்கம், வயல்கரையில் இருந்தது. பல்கலைக்கழகம் என்றதும் மணிக்கூட்டுக் கோபுரமும் புல்வெளியும் யாருடைய மனதிலும் வரவேண்டாம். ஒரு பழைய நெற்களஞ்சியம், அதைச் சுற்றி மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக ஏழு கட்டடங்கள், இரண்டு கிணறுகள், அவ்வளவுதான். சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பொருளாதாரத் தடையால் சீமெந்து வராது, பற்றறி வராது, மண்ணெண்ணெய் வந்தால் வந்தது. நான் அங்கே விவசாய உயிரியல் படிப்பித்தேன். ஆய்வுகூடமும் என் பொறுப்பில் இருந்தது. அவர் கட்டட மேற்பார்வையாளர். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கட்டடப் படம் கீறப் படித்து, வேலைக்காகக் கடலை விட்டு வயலுக்கு வந்தவர்.

கட்டட மேற்பார்வையாளருக்குக் கட்டடங்களோடுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாவற்றோடும் வேலை இருந்தது. எரிகிற விளக்கு, ஓடுகிற தண்ணீர்ப் பம்பி, கொதிக்கிற கேத்தில், எதைக் கண்டாலும் அதற்கு முன்னால் நின்று, "இது இப்ப தேவையோ?" என்பார். அதில் கண்டிப்பு இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்பார். அதுதான் எரிச்சலைக் கிளப்பும். "தேவைதான்" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், வாதாடவே மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நாமே அந்த விளக்கை நூர்த்துவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருப்போம், அவரைத் திட்டிக்கொண்டு.

ஒருநாள் பின்னேரம் நூலகத்துக்குள் வந்தார். ஆறு மேசை, ஆறு விளக்கு, மேசைக்கு ஒருவரோ இருவரோ படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் எழுப்பி, இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, சுற்றி இருத்தி, நாலு விளக்கை நூர்த்தார்.

"அண்ணை, பக்கத்தில இருக்கிறவன்ர மூச்சு என்ர புத்தகத்தில படுது" என்றான் ஒரு மாணவன்.

"மூச்சுக்கு எண்ணெய் செலவில்லைத் தம்பி. அவர் விடட்டும்."

விடுதிக் குசினியில் சமைத்த அக்கா மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பேச அஞ்சாதவர். அந்த அக்காவையும் இவர் விட்டுவைக்கவில்லை. பெரிய மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே வைக்கோலை அடைத்து, சோற்றுப் பானை அரைவாசி வெந்ததும் அடுப்பால் இறக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடச் சொன்னார். மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளுமாம். விறகு மிச்சம். முதல்நாள் அந்த அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புலம்பிய புலம்பல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்னங்க அநியாயம் இது! பச்சப்புள்ளய மூடிவச்ச மாதிரி சோத்த மூடி வச்சிருக்காரு. எட்டிப் பாக்கவும் கூடாதாம். வெந்துச்சா வேகலையான்னு நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

சோறு வெந்திருந்தது. நன்றாகவே வெந்திருந்தது. அவர் செய்கிற காரியங்களில் இருந்த பெரிய கரைச்சலே அதுதான். பிழையாய்ப்போனால் நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் பிழைக்காது.

ஒரேயொரு முறை பிழைத்தது. அதை நான் சொல்லாமல் விடப்போவதில்லை.

புதிய விரிவுரை மண்டபம் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதிக்கு அவசரம். இவரோ நிலத்தில் நாலு கம்பை நட்டு, பழைய சேலைத் துண்டுகளைக் கட்டிவிட்டு, காற்றுப் பார்க்கிறேன் என்று மாதக்கணக்காக இருந்தார். கடலில் பிறந்த மனிதர், காற்றைத் திசைக்கொரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போவதென்றாலும் காற்று முதுகில் தள்ளும் நேரமாகப் பார்த்துத்தான் போவார். எதிர்க்காற்று என்றால் கூட்டத்துக்கே வரமாட்டார். கடைசியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நேரே உள்ளே வந்து மறுபக்கத்தால் வெளியேறும்படி, இடுப்பு உயரச் சுவரும் மேலே தடிப் பின்னலுமாக மண்டபத்தைக் கட்டி முடித்தார். மின்விசிறி இருந்த காலத்தில்கூட நான் அப்படியொரு குளிர்ந்த மண்டபத்தில் படிப்பித்ததில்லை.

சிறுபோக அறுவடை வரும் வரைக்கும்தான் அந்தச் சுகம். மண்டபத்துக்குத் தெற்கே இருந்த வயல்காரர் சூடடித்து நெல் தூற்றுவதற்கும் அதே சோளகத்துக்குத்தான் காத்திருந்தார். மாணவர்கள் சோதனை எழுதிக்கொண்டிருக்கும்போது, பதரும் கூளமும் தூசியும் சேர்ந்து ஒரு பனிப்புகார் மாதிரி உள்ளே வந்தது. எழுதின மை காயுமுன் அதில் பதர் ஒட்டியது. ஒரு மாணவிக்குத் தும்மித் தும்மி மூக்கால் இரத்தமே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் வயல்காரரிடம் கத்தினேன்.

"மிஸ், காத்து என்ன உங்கட கம்பசுக்கு மட்டுமோ வீசுது?" என்று கேட்டார் அவர், சுளகை இறக்காமலே.

திரும்பி வந்து இவரைப் பிடித்தேன். மண்டபத்தின் நடுவில் நின்று தலைமயிரிலிருந்த பதரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கடற்கரையில காத்தோட மணல்தான் வரும் மிஸ். நெல்லுத் தூத்துவினம் எண்டு எனக்கு நினைப்பே வரேல்லை."

சரி, பிழையை ஒத்துக்கொண்டார், இனித் தெற்குப் பக்கத்தைத் தட்டியால் அடைப்பார் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. அடைத்தால் வருடம் முழுக்கப் புழுங்குமாம். தூற்றுவது இரண்டு கிழமைதானாம். அதனால் பீடாதிபதியிடம் போய்ப் பாடநேர அட்டவணையை மாற்றிவித்தார். அறுவடைக் காலத்தில் பிற்பகல் விரிவுரை இல்லை, எல்லாம் விடியற்காலையில். ஒரு யன்னலை மறைக்க மனமில்லாமல் ஒரு பல்கலைக்கழகத்தையே நேரம் மாற்றி எழுப்பின மனிதர் அவர்.

ஆய்வுகூடத்தைப் பற்றிச் சொன்னால்தான் இனி வரப்போவது விளங்கும். கூரைத் தாழ்வாரத்தை நிலத்துக்கு அண்மையாக இறக்கிவிட்டிருந்தார். வெயில் உள்ளே வராவிட்டால்தான் குளிர்ச்சியாம். குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத இடத்தில் நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம், அதன் அடியிலுள்ள கண்ணாடியில் விழும் சூரியன்தான். அந்தச் சூரியனை அவர் வெளியே நிறுத்திவிட்டார். நடுப்பகலில் ஒரு மணித்தியாலம் மட்டும், முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வாசலுக்கு வரும். வாசலில் மேசையைப் போட்டு அந்த நேரத்துக்குள் என் வேலையை முடிக்கவேண்டும்.

என் வேலை பயற்றஞ் செடியின் வேர்முடிச்சில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றியது. முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. அந்த உயிர்களைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். மண்ணெண்ணெயில் எரிகிற பழைய குளிர்ப்பெட்டி அது. அடியில் சின்னச் சுவாலை ஒன்று இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கவேண்டும். வளாகத்தில் குளிர் என்று இருந்தது அது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்திலேயே அது ஒன்றுதான். ஏனென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியின் பெட்டி பழுதாகி, திருத்த உதிரிப்பாகம் வராமல் கிடந்தது. அதனால் ஊர் மருத்துவமாது, குழந்தைகளுக்கான போலியோச் சொட்டையும் சின்னமுத்து அம்மைத் தடுப்பு மருந்தையும் எங்கள் பெட்டியின் மேல்தட்டில்தான் வைத்திருந்தார்.

இவர் அந்தப் பெட்டிக்கு ஒரு வீடே கட்டினார். பெரிய புளியமரத்தின் நிழலில், இரட்டை மண்சுவர், நடுவில் உமி. கூரைக்கு மேல் ஒரு கூரை. வாசலில் ஈரச்சாக்கு. எங்களில் பலர் இருந்த வீடுகளைவிட அது நல்ல வீடு. பெட்டி குடிக்கும் எண்ணெய் நன்றாகக் குறைந்தது. நாங்கள் மெச்சினோம். அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பெட்டிக் கதவை நாளுக்கு இரண்டு தரம்தான் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டார். காலை ஆறரைக்கு ஒருக்கால், பின்னேரம் ஐந்துக்கு ஒருக்கால்.

"எனக்கு மத்தியானம் குழாய் எடுக்கவேணும்" என்றேன்.

"காலமை எடுத்து, ஈரச்சாக்குச் சுத்தின மண்முட்டிக்குள்ள வையுங்கோ மிஸ். மத்தியானம் மட்டும் கிடக்கும்."

"என்ர ஆராய்ச்சி என்ன தயிரோ, முட்டிக்குள்ள வைக்க?"

"தயிர் எண்டால் புளிக்கும். இது புளிக்காதுதானே?"

அவர் பகிடி விடவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். எனக்கு உச்சி கொதித்தது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நுண்ணுயிர் வன்னி வெயிலில், வயல் மண்ணுக்குள் வாழ்கிற ஒன்று. ஐந்து மணித்தியாலம் முட்டிக்குள் கிடந்தால் அதற்கு ஒரு மசிரும் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வெளிச்சத்தையும் இவரே பிடுங்கிவிட்டு, இப்போது குளிரையும் நேரம் குறித்துத் தருவதா என்ற வீம்பு. பெட்டி வீட்டின் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று அவரிடம், மற்றது ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம். அதாவது என்னிடம். பன்னிரண்டு மணிக்கு அவர் சாப்பிட வீட்டுக்குப் போவார். நான் போய்த் திறப்பேன், குழாய்களை எடுப்பேன். ஒரு மணிக்குமுன் திரும்ப வைப்பேன். நாளுக்கு இரண்டு தரம் என்பது என் புண்ணியத்தால் நாலு தரம் ஆனது.

அந்த வருடம் மாரி தொடங்குமுன் வன்னிக்குச் சாமான் வரும் பாதை பூட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் வரவில்லை. மருந்தும் வராது என்று தெரிந்ததும் மருத்துவமாது வந்து எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"உள்ளுக்க கிடக்கிறது நாலு ஊர்ப் பிள்ளையளுக்கு. வெளி ஊர்களுக்குப் போய்ப் பிள்ளையளைப் பதிஞ்சு முடிச்சு, அடுத்த மாதக் கடைசியிலதான் என்னால கிளினிக் வைக்கேலும். அதுக்கிடையில இது சூடேறிப் பழுதாப்போனால், அடுத்தது எப்ப வரும் எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன வருசம் சின்னமுத்து வந்து ரெண்டு பிள்ளையளைப் புதைச்சனாங்கள். மறந்துபோகாதேங்கோ."

யாரும் மறக்கவில்லை. இவர் களஞ்சிய அறையிலிருந்த பீப்பாயில் ஒரு தடியை விட்டுப் பார்த்தார். பெட்டிக்கு மட்டும் என்றால் கிளினிக் நாள் வரை போதும் என்றார். நூலக விளக்குகள் நின்றன. பம்பி நின்றது, மாணவர்கள் வாளியால் அள்ளிக் குளித்தார்கள். திட்டாத ஆள் இல்லை. ஆனாலும் எல்லாரும் கேட்டு நடந்தார்கள். நான் மட்டும் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடத் திறப்பில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் போத்தலைக் கண்டேன். பின்னேரம் அவர் வீட்டுக்குப் புறப்படும்போது சைக்கிள் கைபிடியில் ஒரு துணிப்பை தொங்கும். ஒருநாள் பக்கத்தால் போனபோது குப்பென்று மண்ணெண்ணெய் மணந்தது. பைக்குள் ஒரு சாராயப் போத்தல். அடுத்த நாளும் அதே பை, அதே மணம். அதற்கடுத்த நாளும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! ஊரெல்லாம் விளக்கை நூர்த்துவிட்டு இருக்க, இந்தப் பெரிய மனிதர் வளாகத்து எண்ணெயைப் போத்தலில் வார்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். "தேவையோ" என்று மற்றவர்களைக் கேட்டதெல்லாம் இதற்குத்தான். மூன்று வருடமாக என் மனதில் இவருக்கு எதிராகக் கிடந்த அத்தனைக்கும் அன்று ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. நேரே பீடாதிபதியிடம் போனேன்.

அவர் இருவரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்.

"பையுக்க இருக்கிற போத்தல் உங்கடையோ?"

"ஓம்."

"எண்ணெய்ப் போத்தலோ?"

"ஓம்."

"கம்பஸ் எண்ணெயோ?"

"இல்லை."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பீடாதிபதி காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். இவர் கதிரையில் ஆடாமல் அசையாமல் இருந்தார். தன்னைக் கள்ளன் என்று சொல்கிற இடத்தில்கூட வாயைச் செலவழிக்க மாட்டேன் என்கிற மனிதரை என்ன செய்வது? "பிறகு பாப்பம்" என்று சொல்லி பீடாதிபதி எங்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாம். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு நான் பெட்டியைப் பார்க்கப் போனேன். சுவாலை சுருங்கி, சாகக் கிடக்கிற மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. தொட்டியில் எண்ணெய் அடியில் கிடந்தது. கிளினிக்குக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பீடாதிபதியிடம் களஞ்சியத் திறப்பை வாங்கி, அறையைத் திறந்து, பீப்பாயைத் தட்டினேன். வெறும் பீப்பாய். அடியில் ஈரம்கூட இல்லை. காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

முழுப் பீப்பாயையும் இந்த மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு முரசுமோட்டைப் பக்கம் மிதித்தேன். எதிர்க்காற்று. என்னென்ன சொல்லவேண்டும் என்று வழி முழுக்க ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். குழந்தைகளின் மருந்தில் கைவைத்த ஆள் என்ற வசனம் முதலாவது.

நான் போய்ச் சேரும்போது பொழுதுபட்டுவிட்டது. ஒழுங்கையில் மற்ற வீடுகளில் ஒவ்வொரு சின்ன விளக்காவது எரிந்தது. அவர் வீடு மட்டும் இருட்டு. ஆட்கள் இல்லையோ என்று நினைத்தபோது முற்றத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ஆரது? மிஸ்ஸோ? எண்ணெய்க்கோ வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா" என்றேன். ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வசனம் வாய்க்கு வரவில்லை. ஏன் இவர்கள் இருட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதே விளங்கவில்லை. "விளக்குக் கொளுத்தேல்லையோ?"

அதைக் கேட்டிருக்கக்கூடாது. அந்த அம்மாவுக்குக் கணவனைப் போல வாயை மிச்சம் பிடிக்கிற பழக்கம் இல்லை.

"எதால மிஸ் கொளுத்திறது? மூண்டு கிழமையாச்சு இந்த வீட்டில விளக்கெரிஞ்சு. எங்கட கூப்பன் எண்ணெய் முழுக்க உங்கட பெட்டிக்குத்தான் போகுது. காணாததுக்கு என்ர அக்காவின்ரையும் வாங்கிக் குடுத்தாச்சு. காலமை போத்தலை நிரப்பிக்கொண்டு போவார், பின்னேரம் வெறும் போத்தலோட வருவார். பொழுதுபட முன்னம் சாப்பாட்டைக் குடுத்துப் பிள்ளையளைப் படுக்கப் போடுறன். மூத்தவளுக்குச் சோதினை. அவள் விடியப்பறம் எழும்பி முத்தத்தில இருந்து, எழுத்துத் தெரியிற நேரம் பாத்துப் படிக்கிறாள். பீப்பாயில இருந்தது காணும் எண்டு சொன்னனீங்கள், பிறகேன் எங்கட வீட்டெண்ணெய் எண்டு இவரிட்டக் கேட்டன். பெட்டி மத்தியானத்திலயும் திறபடுது, அதால கெதியா முடிஞ்சுபோச்சு எண்டார். ஆர் திறக்கிறது எண்டு கேட்டன். கல்லு மாதிரி இருந்தார். நீங்களாவது சொல்லுங்கோ மிஸ், ஆர் திறக்கிறது?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இருட்டில் என் முகம் தெரியாதது ஒன்றுதான் எனக்கு நடந்த நல்ல காரியம். பின்னேரத்தில் வீட்டுக்குப் போன போத்தலைத்தான் நான் பார்த்தேன். காலையில் வந்த போத்தலைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே பாயில் சாக்கையும் சேலையையும் போர்த்துக்கொண்டு அவர் நடுங்குகிற சத்தம் கேட்டது. மலேரியா.

எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்.

"அண்ணை, நான்தான் திறக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ? தெரிஞ்சுகொண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? பீடாதிபதிக்கு முன்னால, நான் உங்களைக் கள்ளன் எண்டு சொல்லேக்கயாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

பல் கிட்டித்த குரலில், ஒவ்வொரு சொல்லாக அவர் சொன்னார்.

"சொன்னால் நீங்கள் கோவிப்பியள் மிஸ். கோவத்தில, ஒருக்காத் திறக்கிறதை மூண்டு தரம் திறப்பியள். அதுக்கு எங்கட வீட்டெண்ணெய் காணாது."

பெட்டியின் தொட்டிக்குள் ஈர்க்கை விட்டு எண்ணெய் பார்ப்பதுபோல என் குணத்தையும் அளந்து வைத்திருந்திருக்கிறார். அளவு சரி. முதல் மாதத்தில் அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நிச்சயமாக அதைத்தான் செய்திருப்பேன். ஒரு மனிதரோடு சண்டை பிடிக்க இத்தனை ஆயத்தத்தோடு போய், அவர் சொல்வது முழுக்கச் சரி என்று தெரிந்துகொண்டு அவர் வாசலில் நிற்பதைப்போல் கொடுமை வேறில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. என்னைத் திருத்தலாம் என்று ஒருக்காலாவது முயன்று பார்த்திருக்கக்கூடாதா? பிள்ளைகளை இருட்டில் படுக்கவைப்பது அதைவிட லேசாக இருந்ததா அவருக்கு?

மனைவி அதற்குள் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அரைப் போத்தல்.

"ரெண்டு நாளா இவர் எழும்பேல்லை, ஆரிட்டக் குடுத்துவிடுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். இதோட முடிஞ்சுது மிஸ். கிளினிக் மட்டும் காணும்தானே?"

வேண்டாம், நீங்கள் விளக்கைக் கொளுத்துங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்ல முடியவில்லை. அதை வாங்காமல் போனால் விடிவதற்குள் சுவாலை நூர்ந்துவிடும். அந்த இருட்டு வீட்டிலிருந்து கடைசி எண்ணெயை வாங்கி, என் பையில் போட்டு, சைக்கிளில் கொளுவிக்கொண்டு வந்தேன். வந்து தொட்டியில் வார்த்து, சுவாலை நிமிரும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் காலையில் முதல் வேலையாகப் பீடாதிபதியிடம் போய், கள்ளன் யார் என்று சொன்னேன். ஆறரைக்கு எடுத்த குழாய்களை முட்டிக்குள் வைத்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கிளினிக் நாளன்று மருத்துவமாது பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மருந்து நல்லாக இருந்தது. நாலு ஊர்த் தாய்மாரும் விரிவுரை மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். அவருடைய மனைவிக்குக் காய்ச்சல்காரரை விட்டுவிட்டு வர முடியவில்லை. கடைசிப் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டிருந்தார். ஒரு வயதும் சில மாதமும் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

எங்கள் முறை வந்ததும் அது வாயை இறுக மூடிக்கொண்டது. மருத்துவமாது கெஞ்சினார், கை தட்டினார், நாக்கை நீட்டிக் காட்டினார். பிள்ளை அவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை.

"ஆரின்ர பிள்ளை மிஸ் இது? அழவும் மாட்டுதாம், திறக்கவும் மாட்டுதாம்."

"திறக்காது. இதின்ர தேப்பனும் இப்பிடித்தான்" என்றேன் நான். சொல்லிவிட்டு, அதன் இரண்டு கன்னங்களையும் பிடித்து நல்லாக அமத்தினேன். அது மண்டபமே அதிரக் கத்தியது. திறந்த வாய்க்குள் மருத்துவமாது இரண்டு சொட்டை விட்டார். பிள்ளை என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.